அனத்தோல் நறுக்கிய கூடை

எங்கள் ரோஷ்வீன் கிராமத்தில் முனை நறுக்காத கூடையை யாரும் கூடை என்று ஒப்புக்கொள்வதில்லை. வாய் கட்டியாயிற்று, கைப்பிடி போட்டாயிற்று என்று எவ்வளவுதான் சொன்னாலும் சரி, ஆற்றோரத்தில் வளரும் வில்லோக் குச்சிகளின் முனைகள் துருத்திக்கொண்டு நின்றால் அது பாதி வேலைதான். குச்சி எவ்வளவு நீளமிருந்தாலும் ஓரிடத்தில் தீர்ந்துபோகும். அங்கே இன்னொன்றைச் செருகவேண்டும். செருகிய இடத்திலெல்லாம் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, வளைந்த சின்னக் கத்தியால் ஒவ்வொன்றையும் சாய்வாக நறுக்கிவிட வேண்டும். நீளமாக விட்டால் துணியைக் கிழிக்கும். ஒட்ட நறுக்கினால் முனை உள்ளே நழுவி, நாளடைவில் பின்னலே தளர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் அரிசியளவு இடம் உண்டு. அந்த இடம் அனத்தோலின் கைக்குத் தெரியும்.

அவனுக்கு அதில் கர்வமும் உண்டு. இருக்காதா பின்னே? அவனுக்குப் பெண் கிடைத்ததே அதனால்தான். இங்கே கூடையைச் சோதிக்கப் பட்டுக் காலுறை ஒன்று போதும். அதைக் கையில் மாட்டிக்கொண்டு கூடையைச் சுற்றித் தடவவேண்டும். ஓர் இழை சிக்கினாலும் கூடை திரும்பிப் போய்விடும். அனத்தோல் பெண் கேட்டு வந்த அன்று, ஒதீலின் அப்பா வாயைத் திறக்காமல் உள்ளே போய், மகளுடைய ஞாயிற்றுக்கிழமைக் காலுறையைக் கொண்டுவந்து அவன் கூடையில் தேய்த்துப் பார்த்தார். எங்கும் சிக்கவில்லை. மனிதர் ஒயின் புட்டியைத் திறந்துவிட்டார். ஒதீல் மட்டும், "கிழிஞ்சா புதுசு ஒரு ஜோடி வாங்கித் தருவன்னு பாத்தேன். அதுவும் போச்சு" என்றாள். அந்தக் காலுறை இன்றும் பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது.

கல்யாணமான நாளிலிருந்து வேலை தானாகப் பிரிந்துவிட்டது. முடைவது இருவரும், நறுக்குவது அவன் மட்டும். ஒதீல் தன் கூடை முடிந்ததும் அதைக் கொண்டுவந்து அவன் பலகைக்கு இடதுபக்கம் வைத்துவிட்டுப் போவாள். அவன் நறுக்குவான். நறுக்கிய துண்டுகள் அடுப்புப் பற்றவைக்கும் பெட்டிக்குப் போகும். கூடை கூட்டுறவுக் கடைக்குப் போகும். இதைப் பற்றி அவர்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பேச என்ன இருக்கிறது?

மகன் நாந்த் நகரத்துக்கு வேலைக்குப் போன பிறகு ஒதீலுக்கு வேறொரு கிறுக்குப் பிடித்தது. கிறுக்கு என்று சொன்னது அனத்தோல்தான். பட்டறைக்கு மேலே பாறையில் குடைந்த ஒரு சின்ன அறை உண்டு; அவன் அப்பா காலத்தில் ஆடு கட்டிய இடம். மதிய வேளையில் அவள் அங்கே ஏறிப்போய் என்னென்னவோ முடைந்தாள். வாயில்லாத கூடை, இரண்டு பக்கமும் அடியுள்ள கூடை, நிற்கவே நிற்காமல் சாய்ந்து படுத்துக்கொள்ளும் ஒன்று. அவன் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

"இதுல என்னத்த வைக்கறது?"

"ஒண்ணும் வைக்க வேணாம்."

"அப்புறம் எதுக்குக் கூடை?"

"சும்மா இருக்கட்டுமே. ஞாயித்துக்கெழம நீ சும்மா இருக்கல்ல, ஒன்ன யாராவது கேக்கறாங்களா?"

தூர் நகரத்து அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் கிளேர் என்ற பெண் ஒரு நாள் ரொட்டிக் கூடை வாங்க வந்தாள். வந்தவள் அந்தச் சாய்ந்து படுத்த கூடையின் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டாள். வசந்தத்தில் ஒரு கண்காட்சி நடக்கிறது, பெரிதாக ஒன்று செய்து தருவீர்களா என்று ஒதீலைக் கேட்டாள். ஒதீலின் முகம் காதுவரை சிவந்தது. அவள் அப்படிச் சிவந்து அனத்தோல் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது.

குளிர்காலம் முழுக்க அவள் மேலறையில் இருந்தாள். பட்டை உரிக்காத பழுப்பு வில்லோவைக் கட்டுக்கட்டாக மேலே கொண்டுபோனாள். அவன் ஏறி வரக்கூடாது, முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். அவனுக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஆனால் ரோஷ்வீன்காரனுக்குப் பெருமையை நேராகச் சொல்ல வராது. மதுக்கடையில் நாலு பேர் முன்னால், "செத்தவங்களத்தான் மியூசியத்துல வைப்பாங்க, எம் பொண்டாட்டிய உசுரோடவே வைக்கறாங்க" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு தெருவைச் சுற்றிக்கொண்டு ஒதீலிடம் வந்து சேர்ந்தது. அவள் சண்டை பிடிக்கவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க அனத்தோல் வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்தான். எதையாவது செய்து அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று தவித்தான். என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கண்காட்சி வண்டி வெள்ளிக்கிழமை காலை வருவதாக இருந்தது. வியாழனன்று விடிவதற்கு முன்பே அனத்தோல் கூட்டுறவுக் கடைக்கு ரொட்டிக் கூடைகளைக் கொண்டுபோய்விட்டான். திரும்பி வரும்போது சந்துமுனையில் பக்கத்துவீட்டுப் பர்னபே விரலைச் சப்பிக்கொண்டு நின்றான். பர்னபே கொத்தனார், வில்லோவுக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒதீல் இருட்டோடு அவனை எழுப்பிக் கூட்டிப்போய், மேலறையிலிருந்து தன் சாமானைக் கீழே இறக்க வைத்திருக்கிறாள். இறக்கின கையோடு, தலைமுடி அலங்காரத்துக்கு நேரமாகிவிட்டது என்று பேருந்தைப் பிடிக்க ஓடிவிட்டாளாம்.

"ஒம் பொண்டாட்டி முள்ளம்பன்னி வளத்து வச்சிருக்கா, போய்ப் பாரு" என்றான் பர்னபே. "கையெல்லாம் ரத்தம். இதையா நாளைக்கு ஊரு பாக்க வைக்கப்போறீங்க? ரோஷ்வீன்காரனுக்கு நறுக்கத் தெரியாதுன்னு சொல்லப் போறானுங்க."

அனத்தோல் பட்டறைக்குள் போனான். அவன் பலகைக்கு இடதுபக்கத்தில் அது நின்றது. அந்தப் பட்டறையில் காலி இடம் அது ஒன்றுதான். ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு அப்படித் தோன்றவில்லை. கூடை அவன் நெஞ்சுயரம் இருந்தது, வயிறு பெருத்த உருவம். உடம்பு முழுக்க முனைகள். ஒவ்வொன்றும் சாண் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. நேரம் போதாமல் விட்டுவிட்டாள் என்று முதலில் நினைத்தான். பிறகு, எனக்காக விட்டிருக்கிறாள் என்று நினைத்தான். இத்தனை காலமாக வைத்த அதே இடத்தில், அதே மாதிரி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கோபம் தீர்ந்துவிட்டது என்பதை இதைவிட எப்படிச் சொல்வாள்? அவன் கண்ணே கொஞ்சம் கலங்கிவிட்டது.

கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

முனைகளெல்லாம் ஒரே அளவாக இருந்தன. அது வழக்கமில்லை. ஒன்று விரலளவு இருக்கும், இன்னொன்று முழங்கை நீளம் இருக்கும், அப்படித்தான் வரும். கத்தி ஒரு கணம் நின்றது. எனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அளந்து விட்டிருக்கிறாள், பாவம், என்று அவனே பதிலையும் சொல்லிக்கொண்டான். கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது.

அன்று அவன் நறுக்கிய மாதிரி வாழ்க்கையில் நறுக்கியதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. ஒரு கையில் ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும், மறுகையில் கத்தி. பட்டறை வாசல் மேற்கே பார்த்தது. பின்மதியம் வெயில் உள்சுவர் வரைக்கும் வரும். வெயில் வந்ததும் முதுகை அதற்குக் காட்டி உட்கார்ந்துகொண்டான். முனையில் வெளிச்சம் விழவேண்டும் அல்லவா. கடைசி முனையும் விழுந்தபின் ஆணியிலிருந்து காலுறையை எடுத்துத் தடவிப் பார்த்தான். வயிறு, கழுத்து, அடி, எங்கும் ஓர் இழை சிக்கவில்லை. துண்டுகளை வாரிப் பெட்டியில் கொட்டி, அதிலேயே கைநிறைய அள்ளி அடுப்பை மூட்டி, அவளுக்குப் பிடித்த பூண்டுத்தாள் சூப் வைத்தான்.

ஒதீல் சாயங்காலப் பேருந்தில் வந்தாள். வந்தாள் என்பதைவிட ஓடிவந்தாள் என்று சொல்லவேண்டும். அந்த வயதில், புதுசாகச் சுருட்டிவிட்ட முடி கலைய, கைப்பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே பட்டறைக்கு வந்தாள். வெயில் இன்னும் உள்ளே இருந்தது. வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

அனத்தோல் எழுந்து ஒதுங்கி நின்று காத்திருந்தான். வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

"நல்லா நறுக்கியிருக்க" என்றாள்.

அவன் காலுறையை நீட்டினான். அவள் அதைக் கையில் மாட்டிக்கொண்டு, கூடையை மெல்ல, முழுசாக ஒரு சுற்றுச் சுற்றித் தடவினாள். பிறகு காலுறையை ஆணியில் மாட்டினாள். தரையைப் பார்த்தாள். சுத்தமாகக் கூட்டியிருந்தது.

"முனையெல்லாம் எங்க?"

"அடுப்புல. ஒனக்கு சூப் வச்சிருக்கேன்."

அவள் உட்கார்ந்து சூப் குடித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றுகூடக் கேட்டாள்.

மறுநாள் வண்டியோடு கிளேர் வந்தாள். கூடையைப் பார்த்தாள், ஒதீலைப் பார்த்தாள். மாசி மாதத்தில் ஒருமுறை மேலறைக்கு ஏறி, பாதி வேலையைப் பார்த்துவிட்டுப் போனவள் அவள். அவள் வாயெடுக்கும் முன்பே ஒதீல், கடைசி நேரத்தில் மனசு மாறிவிட்டது என்று சொல்லிவிட்டாள். கிளேர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. வண்டியில் ஏற்றும்போது மட்டும் ஒதீலின் கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்தாள். கல்யாணத்துக்குத் தைத்த கோட்-சூட்டை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்த அனத்தோலுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை.

கண்காட்சியில் அந்தக் கூடை மற்றவர்களுடையதற்கு நடுவே நின்றது. வந்தவர்கள், அடேயப்பா எவ்வளவு பெரிய கூடை, எவ்வளவு சுத்தமான வேலை என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். அடுத்ததன் முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்கள். அனத்தோல் கூடைக்குப் பக்கத்தை விட்டு நகரவில்லை. சட்டைப்பையில் காலுறையைக் கொண்டுவந்திருந்தான். யாராவது நின்றால் எடுத்துத் தேய்த்துக் காட்டுவான். "முடைஞ்சது அவ. நறுக்குனது நான்தான்" என்பான். ஜனங்கள் சிரித்தார்கள். ஒதீல் அவனுடைய மேல்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சிரித்தவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

அதன்பிறகு அவள் மேலறைக்கு ஏறவில்லை. ரொட்டிக் கூடைதான், திராட்சைக் கூடைதான். மேலறையில் உருளைக்கிழங்கைக் கொட்டி வைத்தார்கள். வந்த கிறுக்கு போய்விட்டது என்று அனத்தோல் நிம்மதிப்பட்டான். நிம்மதி என்றுதான் சொன்னான், அந்த மடையன்.

இலையுதிர்காலம் வந்தது. முதல் குளிர் அடித்த காலையில் அடுப்பை மூட்ட உட்கார்ந்தான். பெட்டியில் மேலே கிடந்ததெல்லாம் தீர்ந்து, அடியில் அந்தப் பழுப்புத் துண்டுகள் மட்டும் கிடந்தன. ஒன்றை எடுத்து அடுப்பில் போடப்போனவன் நிறுத்தினான். கண் பார்ப்பதற்கு முந்தியே விரல் கண்டுபிடித்தது. துண்டின் இரண்டு பக்கமும் வெட்டியிருந்தது.

ஒரு பக்கத்து வெட்டு அவனுடையது. தன் வெட்டை அவனால் இருட்டிலும் சொல்லமுடியும். மறுபக்கம் தோட்டத்தில் அறுத்த வெட்டு இல்லை. அது மொட்டையாக, நசுங்கி இருக்கும். இது கூர்மையாக, சாய்வாக, அவசரமில்லாமல் நறுக்கிய வெட்டு. ஒதீலின் கத்தி. பெட்டியைத் தரையில் கவிழ்த்தான். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். எல்லாமே அப்படித்தான். நறுக்குவதற்காக விட்டுவைத்த முனையை யாரும் நறுக்கி வைக்கமாட்டார்கள். அவள் ஒவ்வொரு முனையையும் எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நிறுத்தி நறுக்கியிருந்தாள். அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது அந்தக் கூடை முடிந்திருந்தது.

காலுறையைத் தேய்த்துக் காட்டியது ஞாபகம் வந்தது. கோட்டைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தது ஞாபகம் வந்தது. அடுப்பு மூட்டாமலே கிடந்தது.

துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். அவள் ரொட்டிக் கூடைக்கு அடி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒதீல், அது முடிஞ்சிருந்துச்சா?"

எது என்று அவள் கேட்கவில்லை. அவன் கையிலிருந்ததைப் பார்த்தாள். "முடிஞ்சிருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"காலுறைய எடுத்து நீட்டுன பாரு, அப்ப ஒம் மூஞ்சி இருந்த இருப்பு ஒனக்குத் தெரியாது. என்னத்தச் சொல்றது?"

அவன் கெஞ்சினான். மறுபடி செய், நான் கிட்டவே வரமாட்டேன், வேண்டுமானால் கத்தியை ஆற்றில் எறிந்துவிடுகிறேன் என்றெல்லாம் சொன்னான். கத்தியை எறிந்துவிட்டால் ரொட்டிக் கூடையை யார் நறுக்குவார்கள் என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அவள் கை நிற்கவில்லை. குச்சிகளை மடித்து மடித்துப் போய்க்கொண்டே இருந்தது.

"வெள்ளம் வந்த வருஷம் ஞாபகம் இருக்கா?" என்றாள். "தண்ணி வடிஞ்ச அன்னிக்கு நம்ம வில்லோ தோட்டம் மொத்தமும் ஆத்துப் பக்கமாவே சாஞ்சு கெடந்துச்சு. சாயங்கால வெயில் அதுமேல விழுந்துச்சு. வருஷ வெள்ளாம போச்சேன்னு நீ ஆத்தத் திட்டிக்கிட்டு நின்ன. நான் பாத்துக்கிட்டு நின்னேன். அத்தன வருஷமா அது என் கண்ணுலயே நின்னுச்சு. அதத்தான் பண்ணுனேன்."

அந்த நாள் அனத்தோலுக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. எத்தனை கட்டு நட்டம் என்று அவன் கணக்குப் போட்ட நாள் அது.

"மேலறையில எட்ட நின்னு பாக்க எடமே கெடையாது" என்று அவள் தொடர்ந்தாள். "விளக்க வச்சுக்கிட்டு, மூக்கு அதுல இடிக்கத்தான் பின்னுனேன். பர்னபேயும் நானும் எறக்குனப்பவும் இருட்டு. சாயங்காலம் வெயில் உள்ள வரும்ல, அப்ப வாசல்ல நின்னு ஒருதடவ முழுசாப் பாத்துரணும்னுதான் ஓடி வந்தேன்." கை இப்போதுதான் நின்றது. அவள் நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை, ஆசைதான் இருந்தது. "வெளிச்சத்துல அத முழுசாப் பாத்தது நீ ஒருத்தன்தான். எப்பிடி இருந்துச்சு? சொல்லேன்."

அவன் வாயைத் திறந்தான். வயிற்றருகே கணு விழுந்த முனை ஒன்று இருந்தது, அது ஞாபகம் வந்தது. கழுத்துக்குக் கீழே ஒரே இடத்தில் இரட்டையாக நின்ற இரண்டு, கத்திக்கு அடங்காமல் முறுக்கிக்கொண்ட ஒன்று, உலர்ந்து தெறித்த ஒன்று, எல்லாம் வரிசையாக வந்தன. முழுசாக அது எப்படி இருந்தது? வெயில் விழுந்தபோது எப்படி இருந்தது? வெயிலுக்குத்தான் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தானே.

"நல்லா இருந்துச்சு" என்றான்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவன் காத்திருந்த மாதிரி அவளும் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு, "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த குச்சியை எடுத்தாள்.

அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தாள். நன்றாகத்தான் இருந்தார்கள், சூப் குடித்தார்கள், பர்னபேயைக் கேலி செய்தார்கள், அவள் முடைந்து இடதுபக்கம் வைத்தாள், அவன் நறுக்கினான். அவள் எப்போதாவது இன்னொரு தடவை கேட்பாள் என்று அவன் பயந்துகொண்டே இருந்தான். கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலையும் தயார் செய்து வைத்திருந்தான். நல்ல வார்த்தைகள், கிளேர் மாதிரி ஆட்கள் பேசுகிற வார்த்தைகள். அவள் கேட்கவே இல்லை.

அவளை அடக்கம் செய்த வாரத்தில் கிளேர் அருங்காட்சியகத்தில் இருந்த அந்தக் கூடையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். அனத்தோல் அதைப் பலகைக்கு இடதுபக்கம் வைத்தான். பின்மதியம் வெயில் உள்ளே வரும் நேரத்தில் வாசலுக்குப் போய், அவள் நின்ற இடத்தில் நின்று பார்ப்பான். முனைகளை மனசுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துப் பார்ப்பான். பாதி வைப்பதற்குள் முதலில் வைத்ததெல்லாம் உதிர்ந்துவிடும். வெயிலும் போய்விடும்.

ஒருநாள் அப்படி நின்றபோது பர்னபே வந்தான். அனத்தோல் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டான்.

"நீதானேப்பா அதத் தூக்கியாந்த. எப்பிடி இருந்துச்சுடா அது?"

பர்னபே நேர்மையான மனிதன். தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தான். "இருட்டுல என்னத்தப் பாத்தேன். குத்துச்சு. ரெண்டு நாளு கையில எரிச்சல் இருந்துச்சு. அவ்வளவுதான் ஞாபகம்."

அனத்தோல் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டான். காய்த்துப்போன, கெட்டியான, நல்ல கைகள். அன்று பகல் முழுக்க அத்தனை முனைகளைப் பிடித்தும் ஒன்றுகூட அவனைக் குத்தவில்லை. பர்னபேயைப் பார்க்க அவனுக்குப் பொறாமையாக இருந்தது.